படம் சரியா விழலை

கும்பகோணத்தில், வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு உடல் பரிசோதனை செய்து சான்று கொடுக்கும் ஒரு மையத்தில் நான் சில வருடங்கள் வேலை பார்த்தேன். எங்கள் பக்கத்தில் அந்தப் பரிசோதனைக்கு ‘மெடிக்கல்’ என்று பெயர். விசா வந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அடுத்த கேள்வி “மெடிக்கல் முடிஞ்சுதா?” என்பதாகத்தான் இருக்கும். ரத்தம், சிறுநீர், கண், நெஞ்சு எக்ஸ்ரே. எல்லாம் சரியென்றால் ‘ஃபிட்’. ஏதாவது ஒன்று இடித்தால் ‘அன்ஃபிட்’. அன்ஃபிட் ஆனவர் ஊருக்குத் திரும்பி, ஏன் போகவில்லை என்று தெருவுக்கே பதில் சொல்ல வேண்டும். நெஞ்சுப் படத்தில் குறை என்று வந்துவிட்டால், அவர் குடித்த டம்ளரைக்கூட வீட்டில் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள்.

அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பூதலூர் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, களை எடுத்து என்னைப் பாலிடெக்னிக்கில் படிக்க வைத்தார்கள். காலையில் பாசஞ்சர் ரயிலைப் பிடித்து, தஞ்சாவூர் தாண்டி, கும்பகோணத்தில் இறங்குவேன். பெட்டியில் என்னோடு வரும் ஆண்களில் பலர் பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பார்கள். அடிக்கடி கையால் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். இவரும் எங்கள் மையத்துக்குத்தான் வருகிறார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பொங்கல் விடுமுறை முடிந்து மையம் திறந்த நாள் அது. சம்பா அறுவடை பாதி முடிந்திருந்தது. பண்டிகைக்கு ஊரில் இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்று காத்திருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து வந்திருந்தார்கள். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

எக்ஸ்ரே எடுக்கும் அறை கீழே இருந்தது. எக்ஸ்ரே இயந்திரத்தோடு சேர்த்து ஒரு பழைய கம்ப்யூட்டரையும் கொடுத்திருந்தார்கள். படம் எடுத்தவுடன் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். டாக்டரின் அறை மாடியில். அவருடைய கம்ப்யூட்டரில் அதே ஃபோல்டர் ‘இஸட்’ என்ற எழுத்தோடு ஒரு டிரைவ் போலத் தெரியும். கீழே விழுந்த படத்தை மேலே இருந்தபடியே டாக்டர் திறந்து பார்ப்பார். ரிப்போர்ட் எழுதும் சாஃப்ட்வேரும் இஸட் டிரைவிலிருந்துதான் படத்தை எடுத்துக்கொள்ளும். நான் சேர்வதற்கு முன்பே யாரோ செய்து வைத்த ஏற்பாடு. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததால் அதைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை.

அன்று காலை டாக்டரின் கம்ப்யூட்டரைப் போட்டேன். திரை வேறு மாதிரி வந்தது. நிறம் மாறியிருந்தது, கீழே இருக்கும் பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. விடுமுறையில் யாருக்கும் சொல்லாமல் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அப்கிரேடு செய்திருக்கிறார்கள் என்று புரிந்தது. எங்கள் தலைமை அலுவலகம், கம்ப்யூட்டர்களைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்திருந்தது. அவர்கள் செய்த வேலை. இஸட் டிரைவின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அழுத்தினால், அப்படி ஒரு பாதையே நெட்வொர்க்கில் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

விடுமுறைக்கு முன் சாயங்காலம் வரை இருந்த பாதை. நானே பார்த்துவிட்டுத்தான் ரயிலுக்குப் போனேன்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். ஓர் இளைஞர் எடுத்தார்.

“ரீஸ்டார்ட் பண்ணீங்களா மேடம்?”

“பண்ணிட்டேன் சார்.”

“கேபிள் செக் பண்ணீங்களா?”

“பண்ணிட்டேன். கீழ இருக்கிற கம்ப்யூட்டருக்கு பிங் போகுது. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்குது. ஃபோல்டர் மட்டும்தான் திறக்கல. நீங்க அப்கிரேடு பண்ணதுக்கு அப்புறம்தான் இப்படி ஆகியிருக்கு.”

“அப்கிரேடால இருக்காது மேடம். எங்க சைடுல எல்லாம் பச்சையாத்தான் காட்டுது. அங்க டெக்னிக்கலா யாராவது இருந்தா போனை அவங்ககிட்ட குடுங்க.”

“நான்தான் சார் டெக்னிக்கல்.”

அவர் கேட்டார்: “ஜென்ட்ஸ் யாரும் இல்லையா?”

இதை எழுதும் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. பிங் போகிறது என்று சொன்னேன், எப்போதிலிருந்து என்று சொன்னேன், எது திறக்கிறது எது திறக்கவில்லை என்று சொன்னேன். இதற்கு மேல் ஓர் ஆண் வந்து என்ன சொல்லிவிடப் போகிறான்? பதில் சொல்வதற்குள் எங்கள் மேனேஜர் பின்னால் வந்து நின்று கையை நீட்டினார். ஐம்பதை நெருங்கும் மனிதர். கூட்டம் சேர்ந்தால் பதறுவார், பதறினால் கத்துவார். போனை வாங்கிக்கொண்டு, “சொல்லுங்க சார், சொல்லுங்க சார்” என்றபடி மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. அதன் விளைவைத்தான் பிறகு பார்த்தேன்.

நான் என் வழியில் தேடத் தொடங்கினேன். எக்ஸ்ரே அறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஃபோல்டரைத் திறந்தேன். அன்று காலை எடுத்த படங்கள் ஒவ்வொன்றாக வரிசையாக இருந்தன. ஒன்று விடாமல் திறந்து பார்த்தேன். விலா எலும்புகள், நடுவில் இதயத்தின் நிழல், ஓரத்தில் பதிவு எண். எல்லாம் தெளிவு. ஃபோல்டரைப் பகிரும் அனுமதி சரியாக இருந்தது. பெயர் மாறவில்லை. ஃபயர்வால் என்கிற தடுப்பையும் பார்த்தேன், அதில் எதுவும் மாறியிருக்கவில்லை.

பிறகு ரிசப்ஷனுக்கு வந்தேன். அங்கே இருந்த கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவானது. புது சிஸ்டத்தைத் தாங்காது என்று அதை மட்டும் அப்கிரேடு செய்யாமல் விட்டிருந்தார்கள். அதில் ஃபோல்டரின் முகவரியை அடித்தேன். உடனே திறந்தது. எல்லாப் படமும் கண்முன்னே வந்து நின்றது.

அதிலேயே விஷயம் முடிந்துவிட்டது. கேபிள், எக்ஸ்ரே கம்ப்யூட்டர், ஃபோல்டர், படம் எதிலும் குறை இல்லை. அப்கிரேடு ஆகாத கம்ப்யூட்டர் திறக்கிறது, அப்கிரேடு ஆனது திறக்க மாட்டேன் என்கிறது. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் கோப்பு கேட்பதற்கு ஒரு பேச்சுமுறை இருக்கிறது. அதில் பழசும் உண்டு, புதுசும் உண்டு. எக்ஸ்ரே அறைக் கம்ப்யூட்டருக்குப் பழசு மட்டும்தான் தெரியும். புது சிஸ்டம் அந்தப் பழைய முறையை அடியோடு நிறுத்திவிட்டது. இதைச் சொல்லத்தான் மேனேஜரைத் தேடிக்கொண்டு எழுந்தேன்.

எக்ஸ்ரே அறை வாசல் பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். திருவாரூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவருக்கு நாற்பது வயது இருக்கும். பல வருடம் வளைகுடாவில் மளிகைக் கடையில் இருந்துவிட்டு, திரும்பி வந்து ஊரில் கடை வைத்துப் பார்த்து, அது நடக்காமல் மறுபடி கிளம்புகிறவர். காலையில் ரிசப்ஷனில் பதியும்போது அவரே சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி கருப்பு புர்கா போட்டு, மடியில் ஒரு துணிப்பையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

எக்ஸ்ரே எடுப்பவர் கதவைத் திறந்து, அவர்கள் முகத்தைப் பார்க்காமல், “பாய், உங்களுக்குப் படம் சரியா விழலை. இன்னொரு தடவை எடுக்கணும், உள்ள வாங்க” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் படத்தைச் சற்று முன்தான் பார்த்திருந்தேன்.

அந்த அம்மா எழுந்துவிட்டார். “படம் சரியா விழலைன்னா என்னங்க அர்த்தம்? நெஞ்சுல ஏதும் தெரியுதா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. இன்னொண்ணு எடுத்துப் பாக்கலாம்னு சொன்னாங்க.”

“எங்க அத்தாவுக்கும் இப்படித்தாங்க சொன்னாங்க. இன்னொரு படம் எடுக்கணும், இன்னொரு படம் எடுக்கணும்னு. கடைசியில டி.பி.ன்னாங்க. ஆறு மாசத்துல மௌத்தாயிட்டாங்க. மறைக்காம சொல்லுங்க, இவங்களுக்கு என்ன?”

கணவர் அவர் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். “சும்மா இரு. இருமல் பனிக்கு வந்தது. அதுல ஒண்ணும் இருக்காது.” அப்படிச் சொல்லும்போதே அவருடைய உதடு வெளுத்துப்போயிருந்தது. பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஆண்கள் அவரிடமிருந்து லேசாகத் தள்ளி உட்கார்ந்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் தள்ளி உட்கார்ந்தார்கள். நான் பார்த்தேன், அந்த அம்மாவும் பார்த்தார்.

எக்ஸ்ரே எடுப்பவரைத் தனியாக இழுத்துக் கேட்டேன். “அண்ணே, படம் நல்லாத்தானே இருக்கு? எதுக்கு மறுபடி?”

“மேனேஜர் சொன்னாரும்மா. காலையில எடுத்ததெல்லாம் மேல போகலையாம். புதுசா எடுத்தா போகுதான்னு பாருங்கன்னு மெட்ராஸ்ல சொன்னாங்களாம். ஏற்கெனவே மூணு பேருக்கு எடுத்துட்டேன். எனக்கும் மனசு கேக்கலதான்.”

ஆண் குரல் கேட்டபிறகு அந்தக் கம்பெனி சொன்ன யோசனை இதுதான். கம்ப்யூட்டர் சரியாகிவிட்டதா என்று சோதித்துப் பார்ப்பதற்கு, மனிதர்களின் நெஞ்சில் இன்னொரு முறை எக்ஸ்ரே பாய்ச்சுவது. ஒரு வெற்று ஃபைலை அந்த ஃபோல்டரில் போட்டுப் பார்த்திருந்தால் அதே பதில் கிடைத்திருக்கும். சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு அங்கே நிற்பது மனிதன் என்று தோன்றவில்லை. சரி, அவர் பார்க்கவில்லை. எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு என்ன கேடு?

நான் நேராக அந்த அம்மாவிடம் போனேன்.

“அக்கா, படம் நல்லா விழுந்திருக்கு. நானே பாத்தேன். அது கீழ இருக்கிற கம்ப்யூட்டர்ல இருக்கு. மாடியில டாக்டர் கம்ப்யூட்டருக்குப் போக மாட்டேங்குது. கோளாறு எங்க கம்ப்யூட்டர்லதான். அவங்க நெஞ்சுல இது இருக்கு அது இருக்குன்னு யாரும் சொல்லல. டாக்டர் இன்னும் படத்தையே பாக்கல.”

“நெசமாவா?”

“நெசமாத்தான் அக்கா. மறுபடி எடுக்கத் தேவையில்ல. யாருக்கும் தேவையில்ல.” கடைசி வார்த்தைகளைப் பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அந்த அம்மாவுக்கு பயம் போய்க் கோபம் வந்தது. “அப்ப எதுக்குங்க படம் சரியில்லன்னு பொய் சொல்றீங்க? உங்க மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொன்னா நாங்க அடிச்சா போட்டுடுவோம்?”

எனக்கு அந்தக் கேள்வி நிம்மதியாக இருந்தது. யாராவது ஒருவர் கேட்கட்டும் என்றிருந்தது.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். என்னை ரிசப்ஷனுக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“ஏம்மா, இவங்ககிட்ட போய் நெட்வொர்க்கு, ஃபோல்டருன்னு விளக்கிக்கிட்டு இருக்க முடியுமா? படம் சரியா விழலைன்னா புரிஞ்சுக்கிட்டு மறுபடி நிப்பாங்க. இன்னொரு தடவை நின்னா என்ன கொறஞ்சிடும்?”

“அது எக்ஸ்ரே சார். தேவையில்லாம யாரு மேலயும் அடிக்கக் கூடாது.”

“ஒரு எக்ஸ்ரேயில ஒண்ணும் ஆகாது.”

“அப்ப நீங்க போய் நில்லுங்க சார். புதுசா எடுத்தா மேல போகுதான்னு உங்க நெஞ்சை வெச்சே பாக்கலாம்.”

அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை என்று நினைக்கிறேன். நானும் அதுவரை பேசியதில்லை. அவர் முகம் சிவந்து, “யாரைப் பாத்து என்ன பேசற?” என்றார்.   கதவைத் திறந்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்து, ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் ஃபோல்டர் திறப்பதைக் காட்டினேன். படங்கள் எல்லாம் இருக்கின்றன, எதுவும் தொலையவில்லை என்றேன். அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்ப இதையே டாக்டருக்குக் காட்டிட வேண்டியதுதானே” என்றார், அந்த யோசனையே தனக்கு வந்தது போல. மறுபடி எடுப்பதை நிறுத்தச் சொன்னார். நிறுத்தச் சொன்னாரே தவிர, ஏற்கெனவே எடுத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் மதியத்துக்கு மேல் வந்தார். அவர் இரண்டு மூன்று ஊர்களில் மாறி மாறிப் படம் பார்ப்பவர். எப்போதும் களைப்பாக இருக்கும் அம்மா. நடந்ததைச் சொன்னேன். “எனக்குப் படம் ரெடியாகலன்னு மட்டும்தானே போன்ல சொன்னாங்க” என்றார். பையை நாற்காலியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கி, எக்ஸ்ரே அறைக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். முதலில் அந்தத் திருவாரூர்க்காரரின் படத்தைத் திறக்கச் சொன்னார். திரையில் முகம் கிட்டத்தட்ட ஒட்டும்படி குனிந்து பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. சளி கட்டின மாதிரிகூட இல்ல. போய்ச் சொல்லிடுங்க.”

நான் போய்ச் சொன்னேன். அந்த அம்மா புர்காவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். கணவர் எழுந்து வாசல் வரை போய், வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

டாக்டர் பார்த்துச் சொன்னது அவர்களுக்குப் போதும். சாஃப்ட்வேருக்குப் போதாது. இஸட் டிரைவில் படம் இருந்தால்தான் அது ரிப்போர்ட்டை ஏற்றுக்கொண்டு அனுப்பும். ஆகவே நான் மறுபடி போனைப் பிடித்தேன்.

இந்தமுறை கம்பெனியில் வேறொருவர் பேசினார். நான் கண்டுபிடித்ததைச் சொன்னதும் ஒப்புக்கொண்டார். “ஆமா மேடம், பழைய முறையை நிறுத்திட்டாங்க. அது ஆபத்து. அது வழியா வைரஸ் பரவும். அதைத் திறந்துவிட எங்களுக்கு அனுமதி இல்ல.” அவர் சொன்னது சரிதான். பழைய முறை பாதுகாப்பில்லாதது என்று நானும் படித்திருக்கிறேன். நிறுத்தியது தப்பென்று நான் சொல்லவில்லை. நிறுத்தப்போகிறோம், உங்களிடம் பழைய கம்ப்யூட்டர் எது இருக்கிறது என்று ஒரு வாய் கேட்டிருக்கலாமே? கேட்டேன். “அது வேற டீம் மேடம்” என்றார்.

எக்ஸ்ரே இயந்திரம் விற்றவர்களுக்குப் போன் செய்து, அந்தக் கம்ப்யூட்டருக்குப் புது முறையைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன். “அதுல கை வெக்காதீங்க. மெஷினோட சேந்தது. மாத்தினா நாங்க பொறுப்பில்ல” என்றார்கள். ஒருவர் பழைய முறையைத் திறக்க மாட்டேன் என்கிறார், இன்னொருவர் புது முறையை உள்ளே விட மாட்டேன் என்கிறார். கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை இரண்டு பேரும் பார்க்கவே இல்லை. ஊருக்குக் கடைசி பஸ் போய்விடுமே என்று அவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரிசப்ஷன் கம்ப்யூட்டருக்குத் திரும்பி வந்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. அதற்கு இரண்டு முறையும் தெரியும். எக்ஸ்ரே அறையோடு பழைய முறையில் பேசும், டாக்டர் கம்ப்யூட்டரோடு புது முறையில் பேசும். படங்களை முதலில் இதற்குக் கொண்டு வந்து, இங்கேயிருந்து டாக்டருக்குக் காட்டினால் யாருடைய விதியையும் மீற வேண்டியதில்லை. அதில் ஒரு புது ஃபோல்டர் உண்டாக்கினேன். எக்ஸ்ரே அறையில் விழும் படங்களைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதில் நகல் எடுக்கும்படி ஒரு சின்னக் கட்டளைக் கோப்பு எழுதினேன். மாடிக்குப் போய் டாக்டர் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டரை இணைத்தேன்.

இணையவில்லை.

இந்தமுறை வந்த செய்தி வேறு. பாதை இல்லை என்று சொல்லாமல், அனுமதி இல்லை என்றது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான். பாதை தெரிகிறது, கதவில்தான் நிறுத்துகிறார்கள் என்று அர்த்தம். எங்கள் ஃபோல்டர்களுக்குப் பாஸ்வேர்டே கிடையாது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்றுதான் முதலிலிருந்தே வைத்திருந்தார்கள். பெயர் சொல்லாமல் வருகிற விருந்தாளியாக இன்னொரு கம்ப்யூட்டருக்குள் போக புது சிஸ்டம் ஒப்புக்கொள்ளாது. ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் டாக்டருக்கென்று ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உண்டாக்கி, அந்தப் பெயருக்கு மட்டும் ஃபோல்டரைத் திறந்துவிட்டேன். மேலே போய் அதே பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து, நினைவில் வைத்துக்கொள் என்று குறித்து, பழையபடி இஸட் என்ற எழுத்திலேயே இணைத்தேன். வேறு எழுத்து கொடுத்தால் ரிப்போர்ட் சாஃப்ட்வேர் தேடித் திணறும்.

திறந்தது. ரீஸ்டார்ட் செய்தேன். மறுபடியும் திறந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், “விடும்மா, எழுந்திரு, நான் உக்காரணும்” என்று என்னைக் கிளப்பிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

சாயங்காலம் இருட்டுவதற்குள் எல்லா ரிப்போர்ட்டும் போயிற்று. அந்தத் திருவாரூர்க்காரர் ஃபிட். கிளம்பும்போது அவர் மனைவி ரிசப்ஷனுக்கு வந்து என் கையைப் பிடித்தார். “நீங்க வாயைத் திறக்கலன்னா பஸ்ஸுல அழுதுக்கிட்டே போயிருப்பேன். ஊருல அதுக்குள்ள வேற பேசியிருப்பாங்க” என்றார். எனக்கு நன்றியைக் கேட்க வெட்கமாக இருந்தது. நானும் அந்த மையத்து ஆள்தானே.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. கும்பகோணம் மையத்தில் ஏற்பட்ட சிறு தடங்கல், சென்னைக் கம்பெனியின் உதவியோடு தூரத்திலிருந்தே சரிசெய்யப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். ஒத்துழைத்த மேனேஜருக்குப் பாராட்டு. நான் இரண்டு முறை படித்தேன். எந்த உதவி? எந்தத் தூரம்? மாடிப்படியில் ஏறி இறங்கியது என் கால். பாராட்டு வரவில்லை என்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அந்த மெயிலில் தேவையில்லாமல் இரண்டாம் தடவை எக்ஸ்ரே எடுக்கப்பட்டவர்கள் இல்லை. அவர்கள் அன்று அங்கே வந்ததாகவே தெரியவில்லை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் வருகிறவர்களிடம் நான் நேரடியாகப் பேசக் கூடாது என்றார். கத்தாமல் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

“அந்த மூணு பேருக்கும் சொல்லிடுங்க சார்” என்றேன்.

“என்னன்னு சொல்றது?”

“நடந்ததை.”

“அவங்க கேட்டாங்களா? கேக்காதவங்களுக்குப் போய் எதுக்கு?”

அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் அங்கே இருந்தேன். புது எக்ஸ்ரே இயந்திரம் வந்து, நான் செய்த நடுவழி ஏற்பாடு தேவையில்லாமல் போகும் வரை அது ஒழுங்காக ஓடியது. பிறகு திருவாரூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். அங்கே இருந்தவரை மேனேஜரோடு அப்புறம் சண்டை வரவில்லை. சமாதானமும் வரவில்லை. ஆனால் அப்கிரேடு என்று யாராவது சொன்னாலே அவர் என்னைக் கூப்பிட்டு, “எதுக்கும் நீ ஒரு தடவை பாத்துடும்மா” என்று சொல்லத் தொடங்கினார்.

அந்த மெயில் வந்த நாளின் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகு, ரிசப்ஷனில் உட்கார்ந்து அந்த மூன்று பேருக்கும் போன் செய்தேன். ஒருவர் எடுக்கவில்லை. அடுத்தடுத்த நாளும் எடுக்கவில்லை. விமானம் ஏறிவிட்டார் போலிருக்கிறது. இன்னொருவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மேனேஜரின் பெயரைக் கேட்டார். கொடுத்தேன். அவர் அப்புறம் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. ஏதாவது செய்திருந்தால் நல்லது.

மூன்றாமவர் எங்கள் பூதலூர் பக்கத்து ஆள். வயலில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், முதல்முறையாகக் கட்டட வேலைக்குப் போகிறார். குரலைக் கேட்டால் எங்கள் தெருவில் யாரோ பேசுவது போலவே இருந்தது. “அண்ணே, உங்களுக்கு ரெண்டாவது தடவை எக்ஸ்ரே எடுத்தது தேவையில்லாம எடுத்தது. முதல் படமே நல்லா இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல கோளாறு. உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டாங்க” என்றேன்.

 அவர் மெதுவாகக் கேட்டார்: “இதனால எனக்கு மெடிக்கல்ல ஏதும் பிரச்சினை வருமாங்க?”

“வராதுண்ணே. நீங்க ஃபிட்டு.”

“அப்ப விடுங்கம்மா. போற நேரத்துல எதுக்கு? நீங்க போன் பண்ணிச் சொன்னதே பெரிசு.”

“நீங்க கேக்கலாம்ணே. வந்து மேனேஜரைக் கேக்கலாம். நான் கூட நிக்கிறேன்.”

“வேணாம்மா. பஸ் வந்துடுச்சு, வெச்சிடறேன்.”

போனை வைத்துவிட்டார். அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால், எனக்கு ஆறியிருக்கும். அவர் கோபமே படவில்லை. உடம்பில் தேவையில்லாமல் எக்ஸ்ரே அடித்தவர்களுக்கு, சொன்னதற்காக நன்றி சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். டிபன் பாக்ஸை அன்று நான் திறக்கவில்லை. அவர் படாத கோபத்தையும் சேர்த்து நானே சுமந்துகொண்டு, மதியம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.